எந்தக் கடையில் பார்த்தாலும் கத்திக்கு ஒரே விலை ஏன்? ‘மேப்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் நல்ல மடக்குக் கத்தி ஒன்று வாங்கலாம் என்று இணையத்தில் தேடுகிறவர்கள் முதலில் குழம்புவது விலையில்தான். பத்துக் கடைகளின் தளங்களைத் திறந்து பார்த்தாலும் ஒரு மாடலுக்கு ஒரே விலை, சென்ட் வரை மாறாமல். எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று சந்தேகம் வரும். டீலர்கள் கூடிப் பேசவில்லை. ஆனால் ஒருவர் பேசியிருக்கிறார், கத்தி செய்யும் நிறுவனம். புதிதாகக் கத்தி வாங்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் அமெரிக்கச் சந்தையைப் பற்றியவை. ஐரோப்பாவில் கதை வேறு, அதற்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

மேப் என்றால் என்ன?

வரைபடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘குறைந்தபட்ச விளம்பர விலை’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் மேப். கத்தி நிறுவனம் தன் டீலர்களிடம் சொல்வது இதுதான்: “இந்த மாடலை 200 டாலருக்குக் கீழே விளம்பரம் செய்யாதீர்கள். செய்தால் இனி உங்களுக்குச் சரக்கு வராது.” ஸ்பைடர்கோ, பெஞ்ச்மேட் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்கள் இப்படிக் கொள்கை வைத்திருக்கின்றன. சமையலறைக் கத்திகளிலும் இது சகஜம்.

கவனிக்க வேண்டிய சொல் ‘விளம்பரம்’. கடைக்கு நேரில் வந்தவருக்கு டீலர் அதே கத்தியை 180-க்குக் கொடுத்தால் மேப் மீறப்படவில்லை. 180 என்று ஊரறியச் சொன்னால்தான் மீறல்.

நிறுவனத்தின் பட்டியலில் இருக்கும் பரிந்துரை விலையும் இதுவும் ஒன்றா?

இல்லை. மொத்தம் மூன்று விலைகள் உண்டு. கணக்குக்காக ஒரு கத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். டீலர் நிறுவனத்திடம் வாங்கும் விலை 140 டாலர். மேப் 200. பரிந்துரை விலை 250. இந்த 250-ஐ யாரும் கொடுப்பதில்லை. பக்கத்தில் குறுக்குக்கோடு போட்டு “50 டாலர் மிச்சம்” என்று காட்டத்தான் அது பயன்படுகிறது. எல்லாருக்கும் பொதுவான 200-ஐத் தள்ளுபடி என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இணையக் கடையில் காட்டும் விலைதானே விற்கும் விலை? அப்புறம் விளம்பரம் வேறு, விற்பனை வேறு என்பது வெறும் பேச்சுதானே?

நியாயமான கேள்வி. தெருவில் இருக்கும் கடைக்கு இந்த வேறுபாடு உண்மையானது. கண்ணாடிப் பெட்டிக்குள் கத்தியோடு கட்டித் தொங்கும் விலைச்சீட்டைப் பெரும்பாலான கொள்கைகள் விளம்பரமாக எடுத்துக்கொள்வதில்லை. செய்தித்தாள், அஞ்சலில் வரும் விலைப்பட்டியல், இணையப் பக்கம் எல்லாம் விளம்பரம். இணையத்தில் மட்டுமே விற்பவருக்கோ கடையும் விளம்பரமும் ஒரே பக்கம். அவர் வாயைக் கட்டினால் கையையும் கட்டியது போலத்தான்.

அதனால்தான் அந்தச் சின்ன இடைவெளிக்குள் நுழையும் வழிகள் பிறந்தன. “கார்ட்டில் போட்டால் விலை தெரியும்” என்று சில தளங்கள் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். கார்ட்டுக்குள் தெரிவது விளம்பரம் அல்ல, விற்பனைப் பேச்சு என்பது வாதம். சில நிறுவனங்கள் இதை ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. “விலைக்கு போன் செய்யுங்கள்”, “மின்னஞ்சல் அனுப்புங்கள்” என்பதும் இதே குடும்பம். கூப்பன் குறியீடுகளையும் இப்படித்தான் பயன்படுத்தினார்கள். நிறுவனங்கள் விழித்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கும்படி அறிவித்த கூப்பனும் விளம்பரமே என்று கொள்கையைத் திருத்தின. கூப்பனுக்குக் கீழே பொடி எழுத்தில் “சில பிராண்டுகளுக்குச் செல்லாது” என்று வருவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

இது சட்டப்படி செல்லுமா?

பெரும்பாலும் செல்லும். ஆனால் அங்கே வந்து சேர்ந்த பாதை நேரானதல்ல.

1911-இல் டாக்டர் மைல்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில், கடைக்காரர் இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று தயாரிப்பாளர் ஒப்பந்தம் போடுவதே சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் பெருமந்தக் காலம் வந்தது. சங்கிலிக் கடைகள் விலையைக் குறைத்துத் தங்களை நசுக்குவதாகச் சின்னக் கடைக்காரர்கள் குரல் எழுப்ப, 1931-இல் கலிபோர்னியா தொடங்கி மாநிலங்கள் ‘நியாய வணிக’ச் சட்டங்களைப் போட்டு விலை நிர்ணயத்தை அனுமதித்தன. 1937-இல் நாடாளுமன்றமும் அதற்கு வழிவிட்டது. 1975-இல் அந்த அனுமதி நீக்கப்பட்டு, பழையபடி 1911-இன் தடை வந்தது.

2007-இல் அந்தத் தடையும் போனது. டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு துணிமணிக் கடை, பிரைட்டன் என்ற பிராண்டின் பெல்ட், கைப்பை முதலியவற்றை 20 சதவீதம் தள்ளி விற்றது. அவற்றைச் செய்யும் லீஜின் நிறுவனம் சரக்கை நிறுத்தியது. கடை வழக்குப் போட்டுக் கீழ் நீதிமன்றங்களில் ஜெயித்தது. உச்ச நீதிமன்றத்தில் 5-க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. குறைந்தபட்ச விலை ஒப்பந்தம் தன்னளவில் குற்றமாகாது, ஒவ்வொரு வழக்கிலும் அது போட்டியைக் கெடுக்கிறதா வளர்க்கிறதா என்று எடைபோட வேண்டும் என்பது தீர்ப்பு. கத்திக்காரர்களின் தைரியத்துக்குக் காரணம் இடுப்பு பெல்ட்.

மாநிலங்கள் எல்லாம் இதை ஏற்கவில்லை. மேரிலாந்து 2009-இல் தன் சட்டத்தைத் திருத்தி, விற்பனை விலைக்குத் தரை போடும் ஒப்பந்தங்களைத் தடுத்தது. மேப் விற்பனை விலையைத் தொடாமல் விளம்பரத்தோடு நின்றுகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேப் பற்றி டீலர் கேட்டால் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி ஏன் மழுப்புகிறார்?

நிறுவனத்தின் வழக்கறிஞர் அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார். 1919-இல் கோல்கேட் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைச் சொன்னது: யாருக்குச் சரக்கு கொடுப்பது என்பது தயாரிப்பாளரின் உரிமை, என் நிபந்தனை இது, மீறினால் சரக்கு இல்லை என்று முன்கூட்டி அறிவித்து, அதன்படி நடந்துகொள்ளலாம். அறிவிக்கலாம், நிறுத்தலாம், அவ்வளவுதான். டீலரோடு உட்கார்ந்து பேரம் பேசி, “இனிமேல் செய்யமாட்டேன்” என்று அவரிடம் உறுதிமொழி வாங்கினால் அது ஒருதலைப்பட்ச அறிவிப்பு அல்ல, இருவர் செய்த ஒப்பந்தம் என்று ஆகிவிடலாம். ஆகவே பிரதிநிதி கத்தியின் லாக் (விரித்த அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு) பற்றி அரை மணி நேரம் பேசுவார், மேப் என்றதும் “கொள்கை இணைப்பில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள்” என்பார்.

அடுத்த தெரு டீலர் விலையைக் குறைக்கிறார் என்று புகார் சொல்லப் போகும் டீலருக்கும் இதே பதில்தான். புகாரைக் கேட்டுக்கொள்வார்கள், என்ன செய்தோம் என்று சொல்லமாட்டார்கள்.

மேப் கொள்கை எப்போதாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா?

பெரிதாகவே மாட்டியிருக்கிறது, கத்தியில் அல்ல, இசைத்தட்டில். 1990-களில் சோனி, யுனிவர்சல், பி.எம்.ஜி., வார்னர், இ.எம்.ஐ. ஆகிய ஐந்து நிறுவனங்கள் சி.டி. விற்கும் கடைகளுக்கு மேப் வைத்தன. விளம்பரச் செலவில் நிறுவனத்தின் பங்கு வேண்டுமானால் கடைக்காரர் தன் சொந்தக் காசில் செய்யும் விளம்பரத்திலும், கடைக்குள் மாட்டும் பலகையிலும்கூட அந்த விலைக்குக் கீழே போகக் கூடாது. ஐந்து பேரும் சேர்ந்தால் சந்தையில் 85 சதவீதத்துக்கு மேல். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2000-இல் தலையிட்டது. மூன்று ஆண்டுகளில் மக்கள் 48 கோடி டாலர் வரை கூடுதலாகக் கொடுத்திருக்கலாம் என்று கணக்கிட்டது. ஐவரும் சமரசத்துக்கு வந்து ஏழு ஆண்டுகளுக்கு மேப்பைக் கைவிட்டார்கள்.

கத்திச் சந்தையின் நிலைமை அப்படியில்லை. பெரிய, சின்ன நிறுவனங்கள் ஏராளம். ஒரு பிராண்டின் மேப் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குத் தாராளமாகப் போகலாம். ஒரு நிறுவனம் தன் விலையைக் காப்பதும், ஒரு தொழில் முழுவதும் ஒரே மாதிரிச் செய்வதும் ஒன்றாகாது.

நிறுவனத்துக்கு இதனால் என்ன லாபம்? கத்தி எந்த விலைக்குப் போனாலும் அவர்களுக்கு 140 வந்துவிடுமே?

கத்தி கையில் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டிய பொருள். கைப்பிடி உள்ளங்கையில் உட்காருகிறதா, அலகு மூடும்போது நடுவில் நிற்கிறதா, திறந்து பூட்டிய பின் ஆட்டம் இருக்கிறதா, லாக் விடுபடும்போது சிக்குகிறதா என்பதெல்லாம் படத்தில் தெரியாது. இதைக் காட்டுவதற்கு ஒருவர் வாடகை கொடுத்துக் கடை வைத்து, இருபது மாடல்களில் காசை முடக்கி, விவரம் தெரிந்த ஆளைக் கவுன்டரில் நிறுத்த வேண்டும். வந்தவர் இருபது கத்தியையும் பிடித்துப் பார்த்துவிட்டு, வாசலில் நின்றபடியே போனில் 35 டாலர் குறைவாக இன்னொரு இடத்தில் வாங்கினால், கடைக்காரர் அடுத்த முறை அந்த பிராண்டை எடுக்கமாட்டார். ஒருவர் நெல் குத்த, இன்னொருவர் உலை வைக்கிற கதை.

பிராண்டின் மதிப்பு என்று ஒன்றும் இருக்கிறது. 200 டாலர் கத்தி எங்கும் 150-க்குக் கிடந்தால் அது 150 டாலர் கத்திதான். இவை வெளியில் சொல்லும் காரணங்கள். சொல்லாத காரணமும் ஒன்று: இப்போது பல நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே நேராக விற்கின்றன. தன் டீலரே தன்னைவிடக் குறைவாக விளம்பரம் செய்வதை எந்த நிறுவனமும் விரும்பாது.

டீலருக்கு உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது?

மேலே சொன்ன கற்பனைக் கத்தியையே எடுத்துக்கொள்வோம். 200-க்கு விற்றால் இடைவெளி 60. கார்டு கட்டணம் 6, அனுப்பும் செலவு 9 என்று வைத்தால் கையில் 45. இதில்தான் வாடகை, சம்பளம், மின்சாரம்.

மேப் இல்லாமல் போட்டி போட்டு 165-க்கு இறங்கினால் இடைவெளி 25. கார்டு 5, அனுப்புவது 9. கையில் 11. இந்த நிலைமையில் ஒரு கத்தி திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வாங்கியவர் இரண்டு அட்டைப்பெட்டியை அறுத்துப் பார்த்துவிட்டு “அலகு நடுவில் இல்லை” என்று திருப்பி அனுப்புகிறார். அலகில் கீறல். இனி அது புதுக்கத்தி அல்ல, 130-க்குத்தான் போகும். இரண்டு முறை அனுப்பிய செலவும் சேர்ந்து, அந்த ஒன்றில் விட்டதை எடுக்க இன்னும் மூன்று நான்கு கத்தி விற்றாக வேண்டும். 45 மிஞ்சுகிற இடத்தில் ஒரு கத்தி போதும். டீலர்கள் மேப்பை வாய்விட்டுத் திட்டாததற்கு இந்தக் கணக்கே காரணம்.

அப்படியானால் மேப் சின்ன டீலரின் நண்பனா?

எந்தச் சின்ன டீலர் என்பதைப் பொறுத்தது. கடை வைத்திருக்கும் சின்னவருக்கு ஆமாம். பெரிய இணையக் கடை அவரை விலையால் அடிக்க முடியாது. ஆனால் வீட்டு கேரேஜில் அலமாரி போட்டு, வாடகையும் ஆளும் இல்லாமல், கத்திக்கு 15 டாலர் லாபம் போதும் என்று விற்கத் தயாராக இருக்கும் சின்னவருக்கு இது கதவடைப்பு. பெயர் தெரியாத புதுக் கடைக்கு விலைதான் ஒரே ஆயுதம். அதைப் பிடுங்கிவிட்டு “சேவையால் போட்டி போடு” என்றால், ஏற்கனவே பெயர் எடுத்தவர்தான் ஜெயிப்பார்.

மீறுபவர்களை எப்படிப் பிடிக்கிறார்கள்?

தளங்களை நாள்தோறும் மேய்ந்து விலையைக் குறித்துவைக்கும் மென்பொருள் உண்டு. விலை இறங்கிய நேரத்தோடு திரையைப் படமெடுத்து வைத்துவிடும். பெயர் மறைத்து விற்பவரிடம் நிறுவனமே ஒரு கத்தியை வாங்கி, அது எந்த டீலருக்குப் போன சரக்கு என்று தேடுவதும் உண்டு. மற்றபடி, போட்டி டீலரின் கண்ணைவிடக் கூர்மையான மென்பொருள் இன்னும் வரவில்லை.

சரி, வாங்குகிற எனக்கு இது நஷ்டமா?

எந்தக் கத்தி வேண்டும் என்று ஏற்கனவே தெரிந்தவருக்கு நஷ்டம்தான். சுற்றிவளைக்க வேண்டாம். மாடல், ஸ்டீல், நிறம் எல்லாம் முடிவு செய்தவருக்குக் கடைக்காரரின் விளக்கம் தேவையில்லை. பெட்டியில் போட்டு அனுப்பினால் போதும். அந்தச் சேவைக்கு 45 டாலர் அதிகம்.

முதல் கத்தி வாங்குகிறவருக்குக் கணக்கு மாறுகிறது. பிடித்துப் பார்க்க ஒரு கடை இருப்பதற்கும், குறை இருந்தால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவதற்கும் மேப்பின் பணம் போகிறது, போக வேண்டும். என் வருத்தம் என்னவென்றால், கடையும் இல்லாமல் ஆளும் இல்லாமல் கிடங்கிலிருந்து அனுப்பும் டீலருக்கும் அதே 60 டாலர் இடைவெளி கிடைக்கிறது. சேவைக்காக என்று சொல்லப்படும் காசு, சேவை செய்யாதவர் பைக்கும் போகிறது.

விலையில் போட்டி இல்லையென்றால் டீலர்கள் எதில்தான் போட்டி போடுகிறார்கள்?

வாலு போய் கத்தி வந்தது டும் டும் டும் என்று குரங்கு பாடியது நினைவிருக்கிறதா? இங்கே விலை போய் நிறம் வந்தது.

‘டீலர் எக்ஸ்க்ளூசிவ்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு டீலர் நிறுவனத்திடம் ஒரே மாடலை மொத்தமாக ஆர்டர் கொடுத்து, வேறு ஸ்டீல், வேறு கைப்பிடி நிறம், கறுப்புப் பூச்சு என்று தனக்கு மட்டும் செய்து வாங்குவார். ஸ்பைடர்கோவின் பாராமிலிட்டரி 2 என்ற ஒரு மாடலை மட்டும் எடுத்தாலே எத்தனை ஸ்டீல், எத்தனை நிறம் என்று எண்ணி முடியாது. அந்தக் கத்தி வேறு எங்கும் இல்லை என்பதால் விலை ஒப்பிடும் பேச்சே எழாது. டீலருக்கு நிம்மதி. சேகரிப்பவருக்கு மகிழ்ச்சியும் செலவும். நல்ல ஸ்டீல் வகைகள் சாதாரண வாங்குபவர் கைக்கு எட்டியதில் இந்தப் போட்டிக்கும் பங்கு உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியான சில நிமிடங்களில் தீர்ந்து, அன்று மாலையே இரண்டாம் கைச் சந்தையில் கூடுதல் விலைக்கு வந்து நிற்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

இது போக, வாங்கும் தொகைக்கு ஏற்பப் புள்ளிகள், இலவச அனுப்புதல், கூடவே சாணைக்கல், ஒரு முறை இலவசமாகக் கூர் தீட்டித் தருவது. இலவசப் பொருளின் மதிப்பையும் தள்ளுபடியாக எண்ணும் கொள்கைகள் உண்டு, அதனால் இவற்றையும் டீலர்கள் அளந்துதான் கொடுக்கிறார்கள்.

மேப்பைவிட மிகக் குறைவாக ஒரு தளத்தில் பார்த்தேன். வாங்கலாமா?

மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, போலி. பிரபலமான மாடல்களின் நகல்கள் பெட்டி, முத்திரை உட்பட அச்சு அசலாக வருகின்றன. ஸ்டீல் மட்டும் வேறு. இரண்டு, அசல் கத்தி, அங்கீகாரமற்ற விற்பனையாளர்: ஏதோ ஒரு டீலர் தேங்கிய சரக்கைப் பின்வாசல் வழியாகத் தள்ளிவிட்டிருப்பார். அசல் பொருளை வாங்கி மறுபடி விற்பது பொதுவாகக் குற்றமல்ல. மூன்று, நிறுத்தப்பட்ட மாடல். அதற்கு மேப்பே இருக்காது. இதுதான் நல்ல அதிர்ஷ்டம்.

இரண்டாவது வகையில் சிக்கல் வாரன்டி. அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வாங்கிய ரசீது இருந்தால்தான் என்று பல நிறுவனங்கள் சொல்லும். நியூயார்க் மாநிலத்தில், குறிப்பிட்ட டீலர் விற்றார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மறுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மற்ற மாநிலங்களில் அந்தத் தைரியத்தில் வாங்காதீர்கள்.

பழைய கத்தி வாங்குபவருக்கும் இது பொருந்துமா?

கொள்கை பொருந்தாது, அதன் நிழல் விழும். புதுக்கத்தி 200-க்குக் கீழே எங்கும் தெரியாதவரை, நல்ல நிலையில் இருக்கும் பழையதை 160-க்கு விற்க முடியும். புதிதே 165-க்குக் கிடைத்தால் பழையது 120-ஐத் தாண்டாது. வாங்கி, கொஞ்ச நாள் வைத்திருந்து, விற்று, அடுத்ததை வாங்குகிறவர்களுக்கு மேப் உள்ளுக்குள் பிடிக்கும்.

விலை எப்போதுதான் இறங்கும்?

மாடல் நிறுத்தப்படும்போது. நிறுவனமே மேப்பைச் சில நாள் தளர்த்தும் பண்டிகைக் கால விற்பனைகளில். தோற்றத்தில் சின்னக் குறையுள்ள கத்திகளைத் தனியாகத் தள்ளும்போது. திருப்பி வந்த பெட்டி திறந்த சரக்கில். கத்திக் கண்காட்சியின் கடைசி நாள் மதியத்தில், திரும்ப மூட்டை கட்ட மனமில்லாத டீலரின் மேசையில்.

ஐரோப்பாவிலும் மேப் உண்டா?

அங்கே இது ஆபத்தான விளையாட்டு. டீலர் விளம்பரம் செய்யும் விலைக்குத் தரை போடுவதும் மறைமுகமாக விற்பனை விலையை நிர்ணயிப்பதே என்று ஐரோப்பிய ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்கள் கருதுகின்றன. பிரிட்டனில் 2016-இல் கடைகளுக்கான குளிர்பதனப் பெட்டி விற்கும் ஒரு நிறுவனத்துக்கு, இணையத்தில் விளம்பர விலையைக் கட்டுப்படுத்தியதற்காக 22 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விழுந்தது. ஆகவே ஜெர்மனியின் சோலிங்கனில் கத்தி செய்யும் ஒருவர் அமெரிக்க டீலருக்கு எழுதக்கூடிய கடிதத்தைப் பக்கத்துத் தெரு டீலருக்கு எழுதினால் வம்பு.

டீலரிடம் விலை குறைத்துக் கேட்பது மரியாதைக் குறைவா?

இல்லவே இல்லை. அவர் விளம்பரம்தான் செய்யக் கூடாது, கேட்பவருக்குப் பதில் சொல்லலாம். போன் செய்யுங்கள், அல்லது நேரில் போங்கள். “இந்த மாடலை மேப்புக்குக் கீழே கொடுப்பீர்களா?” என்று சட்டப்பேச்சாகத் தொடங்காமல், “இரண்டு வாங்குகிறேன், பார்த்துப் போட்டுக் கொடுங்கள்” என்றால் போதும். சிலர் மறுப்பார்கள், மேப்புக்குக் கீழே விற்பதையே தடுக்கும் இன்னும் கடுமையான கொள்கை உள்ள பிராண்டுகளும் இருக்கின்றன, அவர் கையில் ஒன்றும் இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொண்டு வாருங்கள். எவ்வளவுக்கு, யாரிடம் என்று கடைப் பெயரோடு இணையத்தில் எழுதிவிடாதீர்கள். அவருக்குச் சரக்கு நின்றால் அடுத்த முறை நீங்கள் போன் செய்ய ஆள் இருக்காது.